முகம் மாறியும் நிறை மாறாத வெள்ளி

ரோமப் பேரரசன் குளோடியஸின் காலத்தில், கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், இலங்கையிலிருந்து நான்கு தூதர்கள் ரோமாபுரிக்குப் போனார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவரின் பெயரை ராக்கியாஸ் என்று குறித்திருக்கிறார் மூத்த பிளினி. கி.பி. 77இல் அவர் எழுதி முடித்த ‘இயற்கை வரலாறு’ என்னும் பெருநூலின் ஆறாம் பகுதியில் இந்தச் செய்தி இருக்கிறது. அவ்வளவு தொலைவுக்குத் தூது அனுப்ப இலங்கை அரசனைத் தூண்டியது எது என்பதையும் பிளினி சொல்லியிருக்கிறார். கொஞ்சம் வெள்ளிக் காசு.

செங்கடல் சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அன்னியஸ் புளோக்காமஸ் என்ற ரோமர். அவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன் அரேபியக் கரையோரம் மரக்கலத்தில் போய்க்கொண்டிருந்தான். வடகாற்று கலத்தைத் திசைமாற்றி அடித்துக்கொண்டு போய், பதினைந்தாம் நாள் இலங்கையின் ஹிப்புரோஸ் என்ற துறையில் ஒதுக்கியது. மன்னாருக்குத் தெற்கே உள்ள குதிரைமலை முனைதான் அந்தத் துறை என்று கருதுவோர் உண்டு. அரசன் அவனை ஆறு மாதம் விருந்தினனாக வைத்திருந்தான். அவனும் உள்ளூர் மொழியைக் கற்றுக்கொண்டு, அரசன் கேட்டவற்றுக்கெல்லாம் மறுமொழி சொன்னான். அவனிடமிருந்து கைப்பற்றிய காசுகளைப் பார்த்தபோதுதான் அரசனுக்கு அந்த வியப்பு உண்டானது. காசுகளில் இருந்த உருவங்கள் வேறுவேறு. ஆகவே அவற்றை அடிப்பித்தவர்களும் வேறுவேறு ஆட்கள். நிறை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று. ஆள் மாறினாலும் நிறையில் கைவைக்காத நாட்டில் நேர்மை இருக்கிறது என்று அரசன் எண்ணினானாம்.

பிளினி ரோமர். தன் நாட்டைப் பற்றி அயலான் வாயால் ஒரு நல்ல சொல் கேட்பதில் அவருக்கு ஆசை இருந்திருக்கும். அந்த ஆசைக்கு உரியதைக் கழித்துவிட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. அரசன் அந்தக் காசை இரண்டு முறை படித்தான்: கண்ணால் உருவத்தைப் படித்தான், தராசால் வெள்ளியைப் படித்தான். ரோமப் பேரரசு காசில் பொறித்து அனுப்பிய செய்தி ஒன்று, நம்முடைய கரை அதிலிருந்து எடுத்துக்கொண்ட செய்தி வேறொன்று. ரோம நாணயம் பற்றி நம்மிடையே எழுதப்படுபவை பெரும்பாலும் ‘எங்களுக்கும் ரோமுக்கும் வாணிகம் இருந்தது’ என்ற பெருமையோடு நின்றுவிடுகின்றன. அந்த இரண்டாவது வாசிப்பைத்தான் நாம் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

காசின் பெயர் தெனாரியஸ். குறுக்களவு 18 அல்லது 19 மில்லிமீற்றர். இன்றைய இலங்கை ஒரு ரூபாய்க் குற்றியைவிடச் சற்றுச் சிறியது. தென்னிந்தியாவில் கிடைத்த தெனாரியஸ்களில் பெரும்பாலானவை இரண்டே வகைக்குள் அடங்கிவிடும். இரண்டும் இன்றைய பிரான்சின் லியோன் நகரில், அன்று லுக்துனும் என்று வழங்கிய ஊரின் அக்கசாலையில் அடிக்கப்பட்டவை.

முதல் வகையின் ஒரு பக்கத்தில் வாகைமாலை சூடிய அகஸ்தஸின் தலை, வலப்புறம் பார்த்தபடி. சுற்றிவர லத்தீன் எழுத்துகள்: சீசர் அகஸ்தஸ், தெய்வமானவரின் மகன், நாட்டின் தந்தை. தெய்வமானவர் என்பது அவரைத் தத்தெடுத்த யூலியஸ் சீசர். நாட்டின் தந்தை என்ற பட்டம் கி.மு. 2இல் கிடைத்தது, ஆகவே காசு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. மறுபக்கத்தில் மேலாடை போர்த்த இரண்டு இளைஞர்கள் நேரே நிற்கிறார்கள். இருவருக்கும் நடுவில் இரண்டு கேடயங்கள், பின்னால் இரண்டு ஈட்டிகள். மேலே வழிபாட்டில் நீர்மம் வார்க்கும் ஓர் அகப்பை, குறிசொல்லும் குருவின் வளைந்த கோல். இளைஞர்கள் காயஸ், லூசியஸ்: அகஸ்தஸின் மகள் வயிற்றுப் பேரர்கள். கி.மு. 17இல் அவர் அவர்களைத் தன் பிள்ளைகளாகவே தத்தெடுத்துக்கொண்டார். எனக்குப் பிறகு நாட்டை ஆளப்போகிறவர்கள் இவர்கள் என்று ஐரோப்பாவின் ஒவ்வொரு போர்வீரனின் கைக்கும் போய்ச்சேரும்படி சொன்ன அறிவிப்பு அந்தக் காசு. லூசியஸ் கி.பி. 2இல் இறந்தான். காயஸ் கி.பி. 4இல் இறந்தான். வாரிசு பற்றிய செய்தி பொய்த்துப்போனது. ஆனால் அந்தச் செய்தியைச் சுமந்த வெள்ளி தமிழ்நாட்டுக்கு வந்துகொண்டேதான் இருந்தது. வாங்கியவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் இருந்தாலென்ன, இறந்தாலென்ன?

இரண்டாவது வகை அகஸ்தஸுக்குப் பின் ஆண்ட திபேரியஸுடையது. ஒரு பக்கம் அவன் தலை. மறுபக்கம் ஒரு கையில் செங்கோலும் மறுகையில் கிளையுமாக நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண். அவள் அரசனின் தாய் லிவியா என்று சிலரும், அமைதித் தெய்வம் என்று சிலரும் சொல்வார்கள். அவளைச் சுற்றியுள்ள எழுத்து திபேரியஸைத் தலைமைக் குரு என்கிறது. கி.பி. 14 முதல் 37 வரை அவன் ஆண்ட காலமெல்லாம் இதே உருவம் பெரிதாக மாறாமல் அடிக்கப்பட்டது. ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கக் கோயில்களில் பிள்ளைப் பருவத்திலிருந்து நற்செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் காசு ஏற்கெனவே அறிமுகமானது. வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்கள் இயேசுவிடம் எடுத்துக் காட்டிய காசு இதுவே என்று பலர் கருதுகிறார்கள். அங்கேயும் கேள்வி காசில் யாருடைய உருவம் என்பதிலேயே தொடங்கியது.

இந்த உருவங்கள் எப்படிக் காசில் ஏறின? வெட்டுப்பட்ட இரும்பு அல்லது வெண்கல அச்சு ஒன்றை அடைகல்லில் பொருத்துவார்கள். அதன்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மறுபக்க உருவம் வெட்டிய மேலச்சை வில்லைமேல் நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பார்கள். அடி நேரே விழுந்தால் உருவம் நடுவில், சாய்ந்து விழுந்தால் எழுத்துகள் ஓரத்தில் வெட்டுண்டு போகும். அதனால் கையால் அடித்த தெனாரியஸ் எதுவும் இன்னொன்றைப் போல இராது. சம்மட்டி அடியை நேரே வாங்கிய மேலச்சு விரைவில் தேய்ந்துபோகும்; அடியச்சு நெடுநாள் உழைக்கும். ஒரே அச்சில் விழுந்த காசுகளை ஆய்வாளர்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எத்தனை அச்சுகள் பயன்பட்டன, எவ்வளவு காசு வெளிவந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

வெள்ளியின் பெரும்பகுதி ஸ்பானியச் சுரங்கங்களிலிருந்து வந்தது. ஈயம் கலந்த தாதுவை உருக்கி, காற்றூதிப் புடமிட்டால் ஈயம் ஒட்சைட்டாகி விலகும், வெள்ளி அடியில் நிற்கும். அந்த உலைகளின் புகையில் போன ஈயம் காற்றோடு வடக்கே போய்க் கிறீன்லாந்தின் பனியில் படிந்திருக்கிறது. ஜோசப் மக்கொனல் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, பனியின் படலங்களை அடுக்கடுக்காக அளந்து, ரோமில் நல்ல காலம் நிலவிய ஆண்டுகளில் ஈயம் ஏறுவதையும் போரும் கொள்ளைநோயும் வந்தபோது இறங்குவதையும் காட்டியது. ரோமின் வெள்ளிக் கணக்கை ரோமர் எழுதிவைக்காவிட்டாலும் பனி எழுதிவைத்திருக்கிறது.

இனி நிறை. ஓர் இறாத்தல் வெள்ளியில் 84 காசு என்பது விதி. ரோம இறாத்தல் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 327 கிராம். ஆகவே காசொன்றுக்கு 3.9 கிராம். தனித்தனியாக நிறுத்தால் சிறிது கூடும், சிறிது குறையும். அரசன் கண்ட ஒற்றுமை நூற்றுக்கு நூறு இருந்திராது. என்றாலும் வெள்ளி 97, 98 விழுக்காடு சுத்தமானது. தட்டாரின் உரைகல்லில் அது நல்ல மாற்று.

கி.பி. 64இல் பேரரசன் நீரோ அதில் கைவைத்தான். இறாத்தலுக்கு 84 என்பது 96 ஆனது. காசின் நிறை 3.4 கிராமுக்கு இறங்கியது. செம்பும் கலந்தார்கள். கெவின் புட்சரும் மத்தியூ பொன்டிங்கும் செய்த ஆய்வின்படி அந்த ஆண்டில் வெள்ளி 80 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறது. பிறகு சிறிது ஏறினாலும் பழைய சுத்தம் திரும்பவில்லை. கண்ணுக்கு இது எளிதில் தெரியாது. செம்பு கலந்த வில்லையைப் புளிப்பான கரைசலில் ஊறவைத்தால் மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்து, வெள்ளை வெளேரென்ற தோல் ஒன்று மிஞ்சும். ஆனால் தராசு ஏமாறாது. நூறு பழைய காசுக்கு எதிர்த்தட்டில் நூறு புதிய காசை வைத்தால் ஏறத்தாழ 50 கிராம் குறையும். தமிழ் வணிகருக்கு அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கொங்கு நாட்டிலும் அதற்கு வெளியிலும் புதைந்து கிடைத்த காசுக் குவியல்கள் அதற்கு விடை சொல்கின்றன. கோயம்புத்தூருக்கு அருகே வெள்ளலூரில் 1842இல் கிடைத்த 522 தெனாரியஸ்கள், தெலங்கானாவின் அக்கன்பள்ளியில் கிடைத்த 1531 தெனாரியஸ்கள் என்று பெரிய குவியல்களை எடுத்துக்கொண்டால் அகஸ்தஸும் திபேரியஸுமே திரும்பத் திரும்ப வருகிறார்கள். நீரோவுக்குப் பிந்திய வெள்ளி மிக அரிது. இதை வைத்துக்கொண்டு, ரோம வாணிகம் நீரோ காலத்தோடு விழுந்துவிட்டது என்று முன்பு சிலர் எழுதினார்கள். நான் அதை ஏற்கவில்லை. பழைய நல்ல காசைத் தேடி எடுத்து இந்தப் பக்கம் கொண்டுவருவது அடுத்த தலைமுறை வணிகருக்கும் இயலக்கூடிய காரியம். காசை அடித்த ஆண்டு வேறு, அது கப்பலேறிய ஆண்டு வேறு, மண்ணில் புதைந்த ஆண்டு வேறு. ரோமின் வடக்கு எல்லைக்கு அப்பாலிருந்த ஜெர்மானியர் பழைய காசுகளையே விரும்பி வாங்கினார்கள் என்று கி.பி. 98இல் தாசிட்டஸ் எழுதினார். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டே இராத இரு கூட்டத்தார், ஒரே காசைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இப்போது நம் யாழ்ப்பாணத் தீவகத்துக்கு வருவோம். கொங்கு நாட்டில் அவ்வளவு வெள்ளி கிடைக்க, பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் அது ஏன் அருகியே காணப்படுகிறது? இலங்கையில் பெருந்தொகையாகக் கிடைக்கும் ரோம நாணயங்கள் 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள். வெள்ளி தெனாரியஸ் அரிதினும் அரிது. அதற்கு ஒரு காரணம் கடலின் ஆழம். பாக்கு நீரிணை பெரும்பாலும் 15 மீற்றருக்குக் குறைந்த ஆழமுள்ளது. இராமர் அணையின் பல இடங்களில் ஓரிரு மீற்றர்தான். எகிப்திலிருந்து பருவக்காற்றைப் பிடித்து வந்த பெருங்கலங்கள் சேர நாட்டுக் கரையோடு நின்றன. அங்கிருந்து சரக்கும் வெள்ளியும் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குக்குள் ஏறின. நம் பக்கத்துக் கடலில் ஓடியவை இங்குள்ள கலங்கள். முதலாம் நூற்றாண்டின் ‘எரித்திரேயக் கடற் பயணம்’ என்ற கிரேக்க வழிகாட்டி நூல், மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்காரா’ என்ற பெரிய கலங்களையும் கரையோரமாக ஓடிய சிறு கலங்களையும் தமிழ்க் கரையில் குறிப்பிடுகிறது.

அதற்கும் முன்பே கிரேக்க நிலநூலாசிரியர் ஸ்திராபோ ஒரு செய்தி சொல்லியிருக்கிறார்: இலங்கையின் யானைத்தந்தமும் ஆமையோடும் பிற பொருள்களும் இந்தியச் சந்தைகளுக்கே பெருமளவில் போகின்றன. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களில் ஈழத்தவையும் இருந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆக, தீவகத்துச் சங்கும் மன்னார்க் கடல் முத்தும் ரோமுக்குப் போயிருந்தால், விலையை வெள்ளியாக வாங்கியவர்கள் அக்கரை வணிகர்கள். இக்கரைக்கு வந்தது நெல்லாக, துணியாக, மட்கலமாக இருக்கலாம். வெள்ளிச் சுரங்கம் இல்லாத தீவில் வந்த வெள்ளியும் உலைக்குப் போய் வளையலாகவும் கொலுசாகவும் மாறியிருக்கலாம்.

வெறுங்கடலாக மட்டும் இந்தப் பகுதி இருக்கவில்லை. கந்தரோடையில் 1917இலும் 1919இலும் போல் பீரிஸ் தோண்டியபோது முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளும் ரோம நாணயங்களும் கிடைத்தன. 1936இல் கிடைத்த வல்லிபுரப் பொன்னேடு, வசபன் என்ற மன்னன் காலத்தில் நாகதீவு ஓர் அமைச்சரின் ஆட்சியில் இருந்ததைச் சொல்கிறது. ரோம வாணிகம் கொழித்த காலத்தை அடுத்த காலம் அது. தொலமியின் நிலநூலிலும் நாகதீவு என்ற பெயர் ஏறியிருக்கிறது. நீரிணையின் மறுகரையில், வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில், ரோமச் செப்புக் காசுகளோடு கப்பல் உருவம் கீறிய ஓடு ஒன்றும் அகழ்வில் வந்தது. பின்னாளில் இந்தத் துறைகளின் பெருக்கம் இன்னும் தெளிவு. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) நயினாதீவில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. உடைந்த கலத்துக்கும் கணக்கு வைத்த துறை இது. அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் கார்ஸ்வெல் அகழ்ந்தெடுத்த சீனப் பீங்கான் ஓடுகளும் 11, 12ஆம் நூற்றாண்டுக் கடல் வாணிகத்துக்குச் சான்று.

உருவத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ரோமக் காசு வருவதற்கு முன் இங்கு புழங்கிய முத்திரைக் காசுகளில் அரசன் முகமே இல்லை. ஞாயிறு, யானை, மரம் என்று குறிகள் மட்டும், தனித்தனி முத்திரையாகக் குத்தியவை. காசில் அரசன் முகத்தைப் போடலாம் என்ற எண்ணத்தைத் தமிழர் எடுத்துக்கொண்டதற்குச் சேரரின் மாக்கோதைக் காசு சான்று. கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்து, இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட அந்த வெள்ளிக் காசில் ரோமச் சாயலில் ஒரு தலையும், மேலே தமிழ் பிராமியில் ‘மாக்கோதை’ என்ற பெயரும் இருக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாடு அந்த வழியில் போகவில்லை. கந்தரோடையில் கிடைத்த செப்புத் தகடுகளில் தாமரைமேல் நிற்கும் திருமகளும் இருபுறமும் நீர் சொரியும் யானைகளும்தான். பல நூற்றாண்டுகள் கழித்து ஆரியச் சக்கரவர்த்திகள் அடித்த காசில் படுத்திருக்கும் நந்தியும் ‘சேது’ என்ற சொல்லும். வெள்ளியை நிறுத்து வாங்கினார்கள், முகத்தை வாங்கவில்லை.

நிறையும் மாற்றும் பார்க்கும் அந்தப் பழக்கம் ஐந்நூறு ஆண்டு கழித்தும் போகவில்லை. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் எழுதிய நூலில் சோபத்ரோஸ் என்ற வணிகரின் கதை வருகிறது. இலங்கை அரசன் முன்னிலையில் ஒரு பாரசீகர், எங்கள் மன்னனே பெரியவன் என்றார். அப்படியானால் இருவருடைய காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றார் சோபத்ரோஸ். ரோமின் காசு பொன், பாரசீகத்தின் காசு வெள்ளி. அரசன் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு ரோமர் பக்கம் தீர்ப்புச் சொன்னான். முன்பு ரோமுக்குப் பெயர் வாங்கித் தந்த வெள்ளி இப்போது எதிராளியின் கையில் இருந்து தோற்றது. இடைப்பட்ட காலத்தில் ரோமரின் சொந்த வெள்ளிக் காசு என்ன ஆனது என்றால், 260களின் முடிவில் அதில் வெள்ளி ஐந்து விழுக்காடுகூட இல்லை.

பிளினியின் கதைக்கு ஒரு பின்குறிப்பு எகிப்துப் பாலைவனத்தில் இருக்கிறது. செங்கடல் துறையான பெரெனிக்கேயிலிருந்து நைல் ஆற்றுக்குப் போகும் பாதையில், புளோக்காமஸின் அடிமை லீசாஸ் என்பவன் தான் அங்கு வந்ததைப் பாறையில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் கீறியிருக்கிறான். ஆண்டு கி.பி. 6. அதாவது அந்தக் குடும்பம் அகஸ்தஸ் காலத்திலேயே இந்தக் கடலில் தொழில் செய்தது. காற்றில் அகப்பட்ட கலமும் அந்தக் காலத்ததானால், அரசன் கையிலிருந்த காசுகளில் பல, குடியரசுக் காலத்தில் ஆண்டுதோறும் மாறிய அதிகாரிகள் அடிப்பித்தவையாக இருக்கும். வேறுவேறு உருவங்கள் என்று பிளினி சொல்வதற்கு அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

தீவகத்து மண் வெள்ளிக்குப் பொல்லாதது. உப்பும் முருகைக்கல்லும் சேர்ந்த நிலத்தில் வெள்ளி மெல்ல மெல்ல வெள்ளிக் குளோரைட்டாக மாறி, சாம்பல் நிறத்தில் மெழுகு படிந்ததுபோல் ஆகிவிடும். கலந்துள்ள செம்பு கரைந்து பச்சைக் களிம்பாக வெளியே வரும். இத்தகைய காசை எக்ஸ் கதிர்க் கருவியில் வைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பதைவிட அதிக வெள்ளி இருப்பதாகக் காட்டும். உண்மையான மாற்றை அறிய மயிரளவு துளையிட்டு உள்ளிருந்து துகள் எடுக்க வேண்டும். பார்வைக்கு அது துருப்பிடித்த தகரத் துண்டு. கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ மண்ணோடு எறியப்படுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. இடம்பெயர்ந்து திரும்பி வந்த குடும்பங்கள் வீடு கட்டும் இந்த ஆண்டுகளில் வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் தோண்டப்படும் மண் கொஞ்சநஞ்சமில்லை.

ஆகவே தீவக மக்களிடம் ஒரு வேண்டுகோள். மண்ணுக்குள்ளிருந்து பழங்காசு எதுவும் வந்தால் புளி போட்டு விளக்காதீர்கள், சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள், நகைக்கடையில் நிறுத்து விற்காதீர்கள். கிடந்த இடத்தில் வைத்தே ஒரு படம் எடுங்கள். எவ்வளவு ஆழத்தில் கிடந்தது, பக்கத்தில் ஓடோ சாம்பலோ சங்கோ இருந்ததா என்று ஒரு துண்டில் எழுதுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அதை அறிவிக்க வேண்டிய கடமையும் நமக்கு உண்டு. தொல்லியல் திணைக்களத்துக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கோ சொல்லுங்கள். அகஸ்தஸின் வெள்ளி நீரிணையைக் கடந்து எவ்வளவு வந்தது என்ற கேள்விக்கு, கிடந்த இடம் தெரிந்த ஒரு காசு தரும் விடையை, இடம் தெரியாத நூறு காசு தராது.